பாப்பாவின் கடைவாய்ப் பல்லும் மச்சானின் சந்தேகமும்

போன முறை ஜிஎஸ்டி பற்றி எழுதியபோது "கொட்டாவி வருதுடா" என்று சொன்ன என் வகுப்புத் தோழர்களுக்காக, இந்த முறை வாயைப் பற்றியே ஒரு கட்டுரை. பி.காம். படிக்கிறவனுக்குப் பல்லைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மூன்று வாரத்துக்கு முன்னால் எனக்கும் ஒன்றும் தெரியாது. வீட்டில் ஒரு சண்டை வந்தது. அதைத் தீர்த்துவைக்கப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் இருப்பது விருதுநகர். அக்காவைக் கட்டிக்கொடுத்தது சிவகாசியில். அக்கா கேலண்டர் பிரஸ்ஸில் பைண்டிங் வேலை பார்க்கிறாள். மச்சான் பயர் ஆபீஸில் மருந்து செக்சன். (வெளியூர் நண்பர்களுக்கு: எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை பயர் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். டை கட்டிக்கொண்டு போகிற ஆபீஸ் இல்லை!) அவர்களுக்கு ஒரே பெண். பாப்பாவுக்கு ஆறரை வயது.

போன மாதம் பாப்பாவுக்குப் பல் ஆடுகிறது என்று ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் முன்பல்லைப் பார்த்துவிட்டு, அது தானாக விழும் என்று சொல்லிவிட்டார். பிறகு உள்ளே லைட் அடித்துப் பார்த்து, "புதுசா கடைவாய்ப் பல் வந்திருக்கும்மா. பள்ளம் ஆழமா இருக்கு. சீலண்ட் போட்டுட்டா சொத்தை வராது" என்றாராம். சீலண்ட் என்றால் என்ன என்று அக்கா கேட்டதற்கு, "ஒரு மாதிரி பிளாஸ்டிக் கோட்டிங்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வெளியே கூட்டம். அவருக்கு அவர் அவசரம்.

பிளாஸ்டிக் என்ற அந்த ஒரு வார்த்தை போதாதா? வீட்டுக்கு வந்ததும் யாரோ வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டை அனுப்பிவைத்தார்கள். சீலண்டில் பிபிஏ என்ற ரசாயனம் இருக்கிறது, அது ஹார்மோனைக் கெடுக்கும், பெண் குழந்தைகளுக்குப் போடவே கூடாது, வெளிநாட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள், இப்படிப் போனது அது. மச்சான் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "நான் நாள் பூரா கெமிக்கல்ல கிடக்கேன். பிள்ளை வாயிலயும் அதையே எதுக்குத் தடவணும்?"

அக்கா எனக்கு போன் போட்டாள். "தம்பி, நீதான் படிச்சவன். போடலாமா கூடாதான்னு ஒரு வார்த்தை சொல்லு."

அந்த ஒரு வார்த்தையைத் தேடித்தான் இத்தனை வார்த்தைகள்.

முதலில், மச்சானைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊரில் குழந்தைகளும் ரசாயனமும் சேர்ந்த கதை சாதாரணக் கதை இல்லை. சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் குழந்தைகளை வைத்ததற்காக எம்.சி. மேத்தா சுப்ரீம் கோர்ட்டில் போட்ட வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒரு குழந்தையை வேலைக்கு வைத்தால் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று கோர்ட் சொன்னது. "ஒண்ணும் ஆகாது" என்ற சமாதானத்தைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த ஊர் இது. அந்த ஊர்க்காரர் ஒருவர் தன் பிள்ளையின் வாயில் என்ன வைக்கிறார்கள் என்று கேட்பது பொறுப்பான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் "படிக்காதவங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று சொன்னால் அதுதான் தப்பு.

சரி, விஷயத்துக்கு வருவோம். சீலண்ட் என்றால் என்ன?

கடைவாய்ப் பல்லின் மேல்பக்கம் வழுவழுப்பாக இருக்காது. நம் கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடக்குமே, அதுபோலப் பள்ளமும் கோடுமாக இருக்கும். சில பிள்ளைகளுக்கு அந்தக் கோடுகள் மிக ஆழமாகவும் குறுகலாகவும் இருக்கும். பிரஷ்ஷின் ஒற்றை முடிகூட உள்ளே நுழையாது. நீங்கள் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் அதற்குள் மாட்டிய மிட்டாய் அங்கேயேதான் இருக்கும். சொத்தை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பள்ளத்தைச் சாப்பாடு புகாதபடி மூடிவிடுவதுதான் சீலண்ட். பல்லை ராவுவது இல்லை, ஊசி இல்லை. பல்லைச் சுத்தம் செய்து, ஒரு அமில ஜெல்லை அரை நிமிடத்துக்குள் தடவிக் கழுவி, நன்றாக உலர்த்தி, திரவத்தை ஊற்றி, நீல நிற லைட் அடித்தால் இறுகிவிடும். அவ்வளவுதான்.

இது நேற்று வந்த சமாச்சாரமும் இல்லை. 1955இல் அமெரிக்காவில் மைக்கேல் புவோனோகோர் என்ற பல் மருத்துவர், பாஸ்பாரிக் அமிலத்தைப் பல்லில் தடவிக் கழுவினால் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் விழும், அதில் பிசின் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தார். சுவரில் பூசுவதற்கு முன் கொத்தனார் கொத்துவிடுகிறாரே, அதே தத்துவம். 1962இல் ராஃபேல் போவன் என்பவர் பிஸ்-ஜிஎம்ஏ என்ற பிசினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1970களின் தொடக்கத்தில் சீலண்ட் கடைக்கே வந்துவிட்டது. ஐம்பது வருடத்துக்கு மேலாகக் குழந்தைகளின் வாயில் இருந்து பார்த்த பொருள் இது.

இப்போது மச்சானின் கேள்வி. இதில் பிபிஏ இருக்கிறதா?

பிபிஏ என்பது பிஸ்பீனால் ஏ. பிளாஸ்டிக் செய்யப் பயன்படுகிற ரசாயனம். உடம்புக்குள் போனால் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் போல நடந்துகொள்ளக்கூடியது. இதைப் பற்றிய பயம் வெறும் புரளி இல்லை. ஐரோப்பிய யூனியன் 2011இல் குழந்தைகளின் பால் பாட்டிலில் இதைத் தடை செய்தது. இந்தியத் தர நிர்ணய விதிகளும் 2015இல் பால் பாட்டிலில் பிபிஏ கூடாது என்று சொல்லிவிட்டன. 2024 டிசம்பரில் ஐரோப்பிய யூனியன் இன்னும் மேலே போய், உணவோடு ஒட்டும் டப்பா, பாட்டில் எல்லாவற்றிலும் இதைத் தடுக்க விதி கொண்டுவந்தது. ஆகவே ஃபார்வர்டு எழுதியவர் பூதத்தைக் கற்பனை செய்யவில்லை.

ஆனால் பிபிஏ வேறு, சீலண்டில் உள்ள பிசின் வேறு. பிஸ்-ஜிஎம்ஏ பிசினைத் தயாரிக்க பிபிஏ தேவைப்படுகிறது. தயாரான பிறகு அது வேறு பொருள். தயாரிப்பில் மிஞ்சிய துளி பிபிஏ அதில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். இதை மச்சானிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அவரே உதாரணம் எடுத்துக்கொடுத்தார். பேரியம் நைட்ரேட் விஷம் என்பது மருந்து செக்சன்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018இல் சுப்ரீம் கோர்ட் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தபோது ஊரே ஸ்தம்பித்தது. ஆனால் வயிற்றை எக்ஸ்ரே எடுக்க ஆஸ்பத்திரியில் வெள்ளையாகக் குடிக்கக் கொடுக்கிறார்களே, அது பேரியம் சல்ஃபேட். அதே பேரியம்தான். தண்ணீரில் கரையாததால் வந்த வழியே வெளியே போய்விடும். பெயர் ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்றாகிவிடாது.

இதிலும் ஒரு பிடி இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சில சீலண்டுகளில் பிஸ்-டிஎம்ஏ என்ற இன்னொரு பொருள் சேர்த்திருப்பார்கள். அது எச்சில் பட்டால் உடைந்து பிபிஏ ஆகக்கூடியது. பிஸ்-ஜிஎம்ஏ அப்படி வாயில் உடைவதில்லை. ஆக, "சீலண்டில் பிபிஏ இருக்கா?" என்பதற்கு ஒரே பதில் கிடையாது. எந்த சீலண்ட் என்று கேட்கவேண்டும்.

அந்த ஃபார்வர்டில் வந்த எண்ணைத் தேடிப் போனேன். அது 1996ஆம் வருடத்துக் கணக்கு. ஸ்பெயினில் கிரானடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலாஸ் ஓலியா குழுவினர் 18 பேருக்கு சீலண்ட் போட்டு, அடுத்த ஒரு மணி நேரத்து எச்சிலைப் பரிசோதித்தார்கள். 90 முதல் 931 மைக்ரோகிராம் வரை பிபிஏ இருந்ததாக வெளியிட்டார்கள். உலகம் முழுக்கப் பரபரப்பு. ஆனால் பிறகு மற்ற ஆய்வுக்கூடங்கள் செய்து பார்த்தபோது அவ்வளவு பெரிய அளவு கிடைக்கவில்லை. 2006இல் அமெரிக்காவில் 14 ஆண்களுக்கு இரண்டு வகை சீலண்டைப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றில் பிபிஏ உடனே உயர்ந்து, அடுத்த சில மணி நேரத்தில் இறங்கியது. இன்னொன்றில் குறிப்பிடும்படி உயரவே இல்லை. நான் மேலே சொன்ன வித்தியாசம் இதுதான்.

2016இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 12 சீலண்டுகளைச் சோதித்துவிட்டு, வெளிவரும் பிபிஏ 0.09 நானோகிராம் என்றது. ஒரு நானோகிராம் என்றால் ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. அங்கே ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு வைத்திருந்த பாதுகாப்பு வரம்பு 10 லட்சம் நானோகிராம்.

இங்கே என் அக்கவுண்டன்சி மூளை விழித்துக்கொண்டது. பல் டாக்டர்கள் சங்கம் சீலண்டுக்குச் சான்றிதழ் கொடுத்தால், கம்பெனியின் கணக்கை அந்தக் கம்பெனி முதலாளியே ஆடிட் செய்தது மாதிரி ஆகாதா? சரி, அவர்களை நம்பவேண்டாம். உலகத்திலேயே மிகக் கடுமையான அளவுகோலை எடுத்துக்கொள்வோம். 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிபிஏவுக்கான தினசரி வரம்பை ஒரேயடியாக 20,000 மடங்கு குறைத்தது. உடல் எடையில் கிலோவுக்கு 0.2 நானோகிராம். (இவ்வளவு கடுமை வேண்டியதில்லை என்று ஜெர்மனியின் அரசு நிறுவனமே மறுத்துச் சொன்னது, அது வேறு கதை.) பாப்பாவின் எடை 20 கிலோ என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 4 நானோகிராம். அந்த 0.09 ஒரு பல்லுக்கான அளவு என்றே கறாராக எடுத்து, நான்கு பல்லுக்குப் பெருக்கினாலும் 0.36. வரம்பில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. அதுவும் வரம்பு தினமும் போவதற்கானது. சீலண்ட் போடுவது சில வருடங்களுக்கு ஒரு முறை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தக் கடுமையான வரம்பைச் சாதாரணச் சாப்பாட்டின் வழியாகவே ஐரோப்பாவில் பெரும்பாலானவர்கள் தாண்டுகிறார்கள் என்று அதே ஆணையம் சொன்னது. டப்பாவில் அடைத்த உணவு, கடை பில்லாகக் கொடுக்கிற வழவழ தெர்மல் பேப்பர், பழைய பிளாஸ்டிக் பாத்திரம், இவையெல்லாம் பிபிஏ வரக்கூடிய வழிகள். பயப்படவேண்டும் என்றால் தினமும் வருவதைப் பார்த்துத்தான் முதலில் பயப்படவேண்டும்.

குழந்தை மருத்துவர்களின் கருத்தையும் பார்த்தேன். 2010இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் இந்த ஆய்வுகளையெல்லாம் அலசி ஒரு கட்டுரை வந்தது. சீலண்டால் வரும் நன்மை பெரிது, தொடர்ந்து போடலாம், ஆனால் போட்டு முடித்ததும் மேலே இறுகாமல் நிற்கும் படலத்தைத் துடைத்து வாயைக் கொப்பளிக்க வைக்கவேண்டும், கர்ப்பிணிகளுக்கு முடிந்தவரை தள்ளிப்போடலாம் என்பது அதன் சாரம். எனக்கு இது பிடித்தது. பயமுறுத்தவும் இல்லை, பூசி மெழுகவும் இல்லை. செய்யவேண்டியதைச் சொல்கிறார்கள்.

இதுவரை ஒரு பக்கத்துக் கணக்குதான் பார்த்தோம். இரட்டைப் பதிவு முறை படித்தவன் பற்றை மட்டும் எழுதி நிறுத்த முடியுமா? வரவையும் எழுதவேண்டும். போடாவிட்டால் என்ன ஆகும்?

நாம் பெரும்பாலும் "போட்டால் ஆபத்தா?" என்று மட்டும் கேட்கிறோம். போடாமல் விட்டால் பல் அப்படியே பத்திரமாக இருக்கும் என்று மனதுக்குள் ஒரு எண்ணம். அது தவறு. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் எடுத்த தேசிய ஆய்வில், 12 வயதுப் பிள்ளைகளில் 53.8 சதவீதம் பேருக்குச் சொத்தை இருந்தது. 15 வயதில் 63.1 சதவீதம். பாதிக்கு மேல்! ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அதற்கும் விலை உண்டு.

சீலண்டால் எவ்வளவு குறையும்? காக்ரேன் என்ற அமைப்பு உலகம் முழுக்க நடந்த சோதனைகளைச் சேர்த்து அலசுகிறது. அதன் 2017 அறிக்கை இப்படிச் சொல்கிறது: சீலண்ட் போடாத பற்களில் இரண்டு வருடத்தில் நூற்றுக்கு 16 சொத்தையாகும் இடத்தில், போட்டால் 5 அளவில் நிற்கும். நூற்றுக்கு 70 சொத்தையாகும் இடத்தில், போட்டால் 19 ஆகும். சொத்தை எங்கே அதிகமோ அங்கே லாபமும் அதிகம். பக்க விளைவை உட்கார்ந்து பதிவு செய்த சோதனைகள் குறைவுதான், ஆனால் பதிவு செய்தவற்றில் பாதிப்பு எதுவும் சொல்லப்படவில்லை.

இந்த இடத்தில் எல்லா அப்பா அம்மாவுக்கும் ஒரு விஷயம் சொல்லியாகவேண்டும். எனக்கே இது புதிது. ஆறு வயதில் வருகிற அந்த முதல் கடைவாய்ப் பல், எந்தப் பால்பல்லும் விழுந்து அந்த இடத்தில் முளைப்பதில்லை. பால்பற்களுக்கெல்லாம் பின்னால் காலி இடத்தில் சத்தமில்லாமல் வரும். அதனால் வீட்டில் அதையும் பால்பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். சொத்தையானாலும் "பால்பல்தானே, விழுந்து முளைச்சிரும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் முளைக்காது. சாகும் வரை அதே பல்தான்.

என் அக்காவுக்கு நடந்தது இதுதான். ஒன்பதாவது படிக்கும்போது கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். அதற்கு முன் ஒரு மாதம் ராத்திரியெல்லாம் கிராம்பை வைத்துக்கொண்டு அழுவாள். அப்பத்தா உப்புத்தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுக்கும். அரையாண்டுப் பரீட்சை கணக்குப் பேப்பரைக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே எழுதினாள். ரூட் கெனால் செய்தால் பல்லைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அப்பாவிடம் அந்தப் பணம் இல்லை. பிடுங்குவதற்கு இருந்தது. இன்றைக்கும் அக்கா சாத்தூர் சேவு சாப்பிட்டால் ஒரு பக்கமாகத்தான் மெல்லுவாள். "பழகிருச்சு" என்பாள்.

இப்போதும் கணக்கு அதேதான். சீலண்ட் ஒரு பல்லுக்குச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். சொத்தை நரம்பு வரை போய்விட்டால் ரூட் கெனால், அதற்கு மேலே கேப், எல்லாம் ஆயிரங்களில். கூடவே நாலைந்து தடவை அலைச்சல். கூலி வேலை பார்க்கிற வீட்டில் ஒவ்வொரு அலைச்சலும் ஒரு நாள் சம்பளம். தீபாவளி ஆர்டர் நேரத்தில் மச்சான் லீவு போடமுடியுமா? சீலண்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பல் கெட்டால் பார்த்துக்கொள்ள வசதி இருப்பவர்கள் வேறு. நமக்குப் பல் கெட்டால் பிடுங்குவதுதான் வழி.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் ஃப்ளூரைடு. விருதுநகர் மாவட்டத்தில் சில பகுதிகளின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். பல்லில் மஞ்சள், காவிக் கறையோடு பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் நல்லது, வேறு தண்ணீருக்கே வழியில்லை என்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர விதி. அப்படிப்பட்ட ஊரில் "சொத்தை வராமல் இருக்க ஃப்ளூரைடு ஜெல் தடவலாம்" என்றால் யோசிக்கவேண்டும். தாமிரபரணித் தண்ணீரா, போர் தண்ணீரா, பிள்ளை எதைக் குடிக்கிறது என்று டாக்டரிடம் சொல்லியாகவேண்டும். சீலண்ட் வேலை செய்வதற்கு ஃப்ளூரைடு தேவையில்லை. அது வெறும் மூடி. ஆனால் ஃப்ளூரைடு கறை ஏறிய எனாமல் அந்த அமில ஜெல்லுக்கு எளிதில் மசியாது, ஒட்டுப் பிடிமானம் குறையலாம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போடும்போது டாக்டர் இதைக் கவனிக்கவேண்டும்.

அதற்காக எல்லாப் பிள்ளைக்கும் எல்லாப் பல்லுக்கும் போட்டுத் தள்ளு என்று நான் சொல்லவில்லை. பள்ளம் ஆழமில்லாமல், சொத்தை வரும் அறிகுறியும் இல்லாத பல்லுக்கு அவசரம் இல்லை. ஏற்கெனவே குழி விழுந்த பல்லுக்கு சீலண்ட் பதில் இல்லை, அதை அடைக்கவேண்டும். சீலண்ட் போட்டுவிட்டோம் என்று பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிடவும் முடியாது. அது பல்லின் மேல்பக்கப் பள்ளத்தை மட்டும்தான் காக்கும். இரண்டு பல்லுக்கு இடையில் வரும் சொத்தையை அது தடுக்காது.

போடுவது என்று முடிவெடுத்தால் டாக்டரிடம் இந்த நான்கு கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். நம் காசு, நம் பிள்ளை.

ஒன்று: எந்த சீலண்ட்? அதில் பிஸ்-டிஎம்ஏ இருக்கிறதா? டப்பாவோடு வரும் தாளில் போட்டிருக்கும்.

இரண்டு: எச்சில் படாமல் எப்படி உலர்த்துவீர்கள்? சீலண்ட் சீக்கிரம் பெயர்ந்துவிடுவதற்கு முக்கியக் காரணமே போடும்போது எச்சில் பட்டுவிடுவதுதான்.

மூன்று: முடிந்ததும் மேலே துடைத்து, வாய் கொப்பளிக்க வைப்பீர்களா?

நான்கு: திரும்ப எப்போது வந்து காட்டவேண்டும்? ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்து, பெயர்ந்திருந்தால் திரும்பப் போடவேண்டும்.

பிசினே வேண்டாம் என்று மனம் ஒப்பவில்லையா? கிளாஸ் அயனோமர் என்று ஒரு வகை சிமெண்ட் இருக்கிறது. அதில் பிபிஏ சம்பந்தமே இல்லை. கொஞ்சம் ஈரம் இருந்தாலும் ஒட்டும். ஆனால் பிசின் அளவுக்கு நாள்பட நிற்காது, கொஞ்சம் ஃப்ளூரைடும் விடும். வாயைத் திறக்கவே அடம்பிடிக்கிற பிள்ளைக்கும், பாதி மட்டுமே முளைத்த பல்லுக்கும் இது நல்ல வழி. 2021இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இதைச் சேர்த்திருக்கிறது.

கடைசியாக ஒரு கருத்து. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தான், உட்கார்ந்து படித்தான். பாப்பாவுக்குத் தற்செயலாக ஒரு பல் ஆடியது, டாக்டரிடம் போனார்கள். இது எதுவும் இல்லாத பிள்ளைகள்? திருத்தங்கலிலும் வெம்பக்கோட்டையிலும் அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த ஆறாம் வயதுப் பல் வந்ததே யாருக்கும் தெரியாது. 2013இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் பள்ளிகளுக்கு மருத்துவக் குழு வந்து பார்க்கிறது. பல் பிரச்சினையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பார்ப்பதோடு நிறுத்தாமல், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே, பெற்றோரைக் கேட்டு, விளக்கிச் சொல்லி, இலவசமாக சீலண்ட் போட்டால் என்ன? ஊசி இல்லை, ராவும் மெஷின் இல்லை, ஒரு பிள்ளைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. பசித்த பிள்ளைகள் இருக்கும் இடம் பள்ளிக்கூடம்தான் என்று கண்டு 1956இல் அங்கேயே சோறு போட்டவர் எங்கள் விருதுநகர்க்காரர். பல்லுக்கும் அதே இடம்தான் சரி. 2022இலிருந்து எங்கள் மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மனம் வைத்தால் முடியாதது இல்லை.

சரி, வீட்டுக் கதைக்கு முடிவு?

ஞாயிற்றுக்கிழமை சிவகாசி போனேன். இந்தக் கணக்கையெல்லாம் ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மச்சான் பொறுமையாகக் கேட்டார். நானோகிராம் என்றதும் சிரித்தார். பிறகு அவரே சொன்னார்: "எங்க ஆபீஸ்லயும் அதானடா. ரூமுக்கு நாலு பேருக்கு மேல இருக்கக்கூடாது, மருந்து இவ்வளவுதான் வச்சுக்கணும்னு கணக்கு இருக்கு. கணக்கு மீறும்போதுதான் வெடிக்குது." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லலை. யாராச்சும் இப்படி உட்கார்ந்து சொன்னா போதும்னுதான் நெனச்சேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வாரமாக நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது அந்த டாக்டர் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கக்கூடிய விஷயம்.

அடுத்த சனிக்கிழமை நாலு பேருமாகப் போனோம். கேள்விகளைக் கேட்டது மச்சான்தான். டாக்டர் முதலில் கொஞ்சம் ஆச்சரியப்பட்டார், பிறகு டப்பாவை எடுத்து வந்து காட்டியே விளக்கினார். கேட்டால் சொல்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை. கீழே இரண்டு பல்லுக்கும் போட்டாயிற்று. மேலே உள்ளவை இன்னும் முழுதாக முளைக்கவில்லை, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். பாப்பா கொப்பளித்துத் துப்பியதில் பாதி மச்சான் சட்டையில். :-)

அக்கா மட்டும் வரும் வழியெல்லாம் பாப்பாவின் வாயைத் திறக்கச் சொல்லித் திறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "வெள்ளையா தெரியுதுடா தம்பி" என்றாள்.

என் முடிவு இதுதான்: ஆழமான பள்ளம் உள்ள புதுக் கடைவாய்ப் பல்லா, தாராளமாகப் போடலாம். கேள்வி கேட்டுவிட்டுப் போடுங்கள். உங்களில் யாருக்காவது வேறு அனுபவம் இருந்தால், நான் எழுதியதில் தப்பு இருந்தால், கட்டாயம் சொல்லுங்கள். பல் மருத்துவம் படிக்கிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் காதைத் திருகியே திருத்தலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். அதற்கு முன் உங்கள் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை இருந்தால், ஒரு டார்ச் லைட்டை எடுத்து அந்தக் கடைசிப் பல்லைப் பாருங்கள். வந்திருக்கும்.